வாசனைக்கு விலை ஒரு கோடி டாலர்

2007 செப்டம்பர் 29. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து பேஸ்பால் மைதானம். விருந்தாளியாக வந்த சான் டியாகோ பட்ரேஸ் அணி 3-2 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் பட்ரேஸுக்கு இறுதிச் சுற்றுகளில் இடம் உறுதி. பந்து ட்ரெவர் ஹாஃப்மன் கையில் இருந்தது. இப்படி முன்னிலையில் இருக்கும் ஆட்டங்களை முடித்துக் கொடுப்பதில் அன்றைய தேதியில் உலக சாதனை அவருடையது. எதிரே மட்டையுடன் நின்றவர் டோனி க்வின் ஜூனியர். ஹாஃப்மனோடு பல ஆண்டுகள் ஒரே அணியில் ஆடிய புகழ்பெற்ற டோனி க்வினின் மகன். ஹாஃப்மன் சிறுவனாகப் பார்த்த பையன்.

அந்தப் பையன் அடித்த பந்து வலது மூலைக்கு ஓடியது. ஆட்டம் சமன். கூடுதல் இன்னிங்ஸில் பட்ரேஸ் தோற்றது. இரண்டு நாள் கழித்து கொலராடோ அணியுடன் யார் முன்னேறுவது என்று தீர்மானிக்கும் ஒற்றை ஆட்டம். 13வது இன்னிங்ஸில் இரண்டு ரன் முன்னிலையைக் காப்பாற்ற மீண்டும் ஹாஃப்மன் அழைக்கப்பட்டார். காப்பாற்ற முடியவில்லை. பட்ரேஸின் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. அப்போது அவருக்கு 39 வயது.

பதினைந்து மாதம் கழித்து, 2009 ஜனவரியில், ஒரு பேஸ்பால் அணி இதே ஹாஃப்மனை 60 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் செய்தது. வயது 41 ஆகியிருந்தது. ஒப்பந்தம் செய்த அணி வேறு எதுவும் அல்ல. 2007 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் அவருடைய சறுக்கலை நேரில் பார்த்த அதே மில்வாக்கி ப்ரூவர்ஸ்தான். அதைவிட வேடிக்கை, இப்படி ஒரு மாஜி நட்சத்திரத்தின் மேல் பணத்தைக் கொட்டி அந்த அணி கையைச் சுட்டுக்கொண்டு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் அமெரிக்க பேஸ்பால் அணிகளின் அலுவலகங்களில் எழும் கேள்வி இது. நேற்று வரை கொடிகட்டிப் பறந்த ஒரு பந்து வீச்சாளர், வயதாகிவிட்டது, பழைய அணி கைகழுவிவிட்டது. சந்தையில் நிற்கிறார். வாங்கலாமா, வேண்டாமா? ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். ஒரு கட்சிக்கு அவர் செய்த சாதனைகள் கண்ணை மறைக்கும். இன்னொரு கட்சிக்கு அவர் பிறந்த வருடம் கண்ணை மறைக்கும். மில்வாக்கியின் கதையைப் பார்த்தால் இரண்டு கட்சியுமே தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது தெரியும்.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். தொடங்கும் பந்து வீச்சாளர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசிக் களைத்துப் போனதும் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். அவர்கள் ரிலீவர்கள். அவர்களில் கடைசி ஆள், தன் அணி முன்னிலையில் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடிக்க வருபவர், குளோசர். ஒரு நாள் கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்று ஒருவரை ஒதுக்கி வைப்பது போல. மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும் நிலையில் உள்ளே வந்து கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைப் பாதுகாத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்'. 1969ல் இது அதிகாரபூர்வமான கணக்காயிற்று. அன்று முதல் குளோசருக்கு ஒரு தனி எண் கிடைத்தது. எண் கிடைத்ததும் புகழ் கிடைத்தது. புகழ் கிடைத்ததும் விலையும் ஏறியது.

ஆனால் இந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையோடு நுழையும் அணி ஏறத்தாழ நூற்றுக்கு 95 தடவை ஜெயிக்கிறது. இது நேற்று இன்றைய கதை அல்ல. குளோசர் என்ற பதவியே இல்லாத பழைய நாட்களிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். அதாவது சுமாரான ஆளைப் போட்டாலும் பெரும்பாலான ஆட்டங்கள் கைக்கு வந்துவிடும். நல்ல குளோசருக்கும் சாதாரண குளோசருக்கும் உள்ள வித்தியாசம் வருடத்தில் சில ஆட்டங்கள்தான். ஆனால் அந்தச் சில ஆட்டங்கள் ரசிகர்களின் வயிற்றைக் கலக்குபவை. எட்டு இன்னிங்ஸ் கட்டிய வீடு ஒன்பதாவதில் இடிந்து விழுவதைப் பார்க்கும் வேதனை தனி ரகம். அந்த பயத்துக்குத்தான் அணிகள் பணம் கொடுக்கின்றன. பயந்த மனிதன் தெரிந்த பெயரைத் தேடுவது இயல்பு.

2007 இறுதியில் மில்வாக்கிக்கு அந்த பயம் வந்தது. பீர் ஆலைகளுக்குப் பேர் போன விஸ்கான்ஸின் மாநில நகரம் அது. அணியின் பெயரே 'பீர் வடிப்பவர்கள்'. நகர எல்லைக்குள் ஆறு லட்சத்துக்கும் குறைவான ஜனங்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போல டெலிவிஷன் பணம் புரளும் ஊர் அல்ல. 1982க்குப் பிறகு அணி இறுதிச் சுற்றுகளை எட்டிப் பார்த்ததில்லை. 2007ல் 44 சேவ் எடுத்த குளோசர் பிரான்சிஸ்கோ கார்டெரோவை சின்சினாட்டி அணி நான்கு வருடத்துக்கு 4.6 கோடி டாலர் என்று ஆசை காட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பணத்துக்கு ஈடு கொடுக்க மில்வாக்கியால் முடியவில்லை. காலி இடத்தை நிரப்ப ஜெனரல் மேனேஜர் டக் மெல்வின் தேர்ந்தெடுத்த பெயர் எரிக் கான்யே.

என்ன பெயர் அது! மான்ட்ரியலில் பிறந்த கனடாக்காரர். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 2003ல் 55 வாய்ப்புகளில் 55 சேவ். ஒன்றுகூடத் தவறவில்லை. ரிலீவர்களுக்கு அபூர்வமாகவே கிடைக்கும் சை யங் விருது அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது. 2002லிருந்து 2004 வரை தொடர்ச்சியாக 84 சேவ். இன்றும் யாரும் நெருங்காத சாதனை. அவர் மைதானத்துக்குள் நுழைந்தாலே ஸ்கோர் பலகையில் 'ஆட்டம் முடிந்தது' என்று எழுத்துகள் மின்னும். ரசிகர்கள் கார் நிறுத்துமிடத்துக்குப் புறப்படாமல் நின்று பார்த்த கடைசி இன்னிங்ஸ்கள் அவை.

அதெல்லாம் 2004 வரை. பிறகு முழங்கை, முதுகு என்று ஒவ்வொன்றாகப் பழுதாயிற்று. 2005ல் 14 ஆட்டம். 2006ல் இரண்டே ஆட்டம். 2007ன் முற்பாதியில் டெக்ஸஸ் அணிக்கு நன்றாக வீசி 16 சேவ் எடுத்தார். ஜூலை இறுதியில் பாஸ்டனுக்கு மாற்றப்பட்டார். அங்கே சரிந்தார். ஒரு பந்து வீச்சாளர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பது பேஸ்பாலின் முக்கியமான அளவுகோல். மூன்றுக்குக் கீழே இருந்தால் மிக நல்லவர், ஐந்தைத் தாண்டினால் ஆபத்து. பாஸ்டனில் கான்யேயின் சராசரி 6.75.

இருந்தும் 2007 டிசம்பர் 10ம் தேதி ப்ரூவர்ஸ் அவரோடு ஒரு கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டின் மொத்தச் சம்பளப் பட்டியலே சுமார் எட்டு கோடி. எட்டில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள், டிசம்பர் 13ம் தேதி, ஊக்க மருந்து பற்றிய மிட்சல் அறிக்கை வெளியாயிற்று. அதில் கான்யேயின் பெயர் இருந்தது. மனித வளர்ச்சி ஹார்மோன் பயன்படுத்தியதை 2010ல் அவரே ஒப்புக்கொண்டார். அணி வாங்கிய பழைய சாதனைகளில் எவ்வளவு தோளின் பலம், எவ்வளவு ஊசியின் பலம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

2008 மார்ச் 31, சிகாகோவில் முதல் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னிலையோடு கான்யே வந்தார். ஜப்பானிலிருந்து வந்து அன்றுதான் அமெரிக்காவில் முதல் ஆட்டம் ஆடிய கோசுகே ஃபுகுடோமே மூன்று ரன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பத்தாவது இன்னிங்ஸில் ப்ரூவர்ஸ் எப்படியோ ஜெயித்தது. ஆனால் வருடம் எப்படிப் போகும் என்பது தெரிந்துவிட்டது. மே மாதத்தில் தோள் வலியும் சேர்ந்துகொள்ள, குளோசர் பதவி பறிபோயிற்று. ஆண்டு முடிவில் அவர் கணக்கு: 10 சேவ், காப்பாற்றத் தவறியவை 7, சராசரி 5.44. வீசியது 46 இன்னிங்ஸ். அணி அந்த வருடம் வீசிய மொத்த இன்னிங்ஸில் நூற்றுக்கு மூன்று. சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு.

பெருங்காயம் வைத்த பாண்டம் என்பார்களே, அதுதான் இது. பாண்டத்தில் பெருங்காயம் இல்லை. வாசனை இருந்தது. அந்த வாசனைக்கு மில்வாக்கி கொடுத்த விலை ஒரு கோடி டாலர். இதற்குப் பிறகு கான்யே மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. அப்போது அவருக்கு 32 வயதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. வயது பிறப்புச் சான்றிதழில் மட்டும் இருப்பதில்லை. முழங்கையிலும் முதுகிலும் இருக்கிறது.

இந்தத் தோல்விக்கு நடுவிலும் அந்த வருடம் ப்ரூவர்ஸ் 90 ஆட்டங்களில் ஜெயித்தது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. ஜூலையில் வாங்கிய சி.சி. சபாத்தியா என்ற தொடக்கப் பந்து வீச்சாளர் 11 வெற்றிகளைக் குவித்தது முக்கியக் காரணம். கான்யே விட்ட இடத்தை நிரப்பியவர் சாலமன் டோரஸ். 36 வயது. எந்த ஸ்கோர் பலகையும் அவருக்காக மின்னியதில்லை. 28 சேவ் எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த வருடமே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆக, 2008 குளிர்காலத்தில் மெல்வினின் மேஜையில் மறுபடி அதே காலி இடம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பது நியாயம். ஆனால் அவர் போனார். இந்த முறை 41 வயது ஹாஃப்மனிடம். சான் டியாகோவில் 16 ஆண்டுகள் ஆடி, அந்த ஊரின் அடையாளமாகவே இருந்தவர். அவர் மைதானத்துக்குள் நடந்து வரும்போது ராக் இசைப் பாட்டொன்றின் மணியோசை ஒலிக்கும், கூட்டம் எழுந்து நிற்கும். 2008 நவம்பரில் பட்ரேஸ் நிர்வாகம் அவருக்குத் தருவதாகச் சொன்ன 40 லட்சம் டாலர் ஒப்பந்தத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. செலவைக் குறைக்க வேண்டியிருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கான்யே கதையைவிட மோசமான சூதாட்டம். ஒன்பது வயது அதிகம். ஆனால் உள்ளே பார்த்தால் கணக்கு வேறு. கான்யேயின் புகழ் நான்கு வருடப் பழசு. ஹாஃப்மனோ அதற்கு முந்தைய வருடம், 2008ல், 34 வாய்ப்புகளில் 30 சேவ் எடுத்திருந்தார். கான்யே கேட்ட விலை ஒரு கோடி. ஹாஃப்மனின் விலை 60 லட்சம். எல்லாவற்றையும்விட முக்கியம், கான்யேயின் ஆயுதம் வேகம். உச்சத்தில் இருந்தபோது அவர் பந்து மணிக்கு 155 கிலோ மீட்டரைத் தொடும். வேகம் குறைந்ததும் மற்ற தந்திரங்களும் பல்லிளித்துவிட்டன.

ஹாஃப்மன் வேகத்தை எப்போதோ தொலைத்துவிட்டவர். 1989ல் அவர் சேர்ந்தது ஷார்ட் ஸ்டாப் இடத்தில் ஆடும் ஆட்டக்காரராக. மட்டை பிடிக்கத் தெரியவில்லை, ஆனால் எறியும் கை பலமானது என்று பந்து வீச்சாளராக மாற்றினார்கள். 1994ல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பேஸ்பாலே நின்றுபோன சமயம், கடற்கரையில் விளையாடும்போது தோளில் அடிபட்டது. பந்தின் வேகம் போயிற்று. பிழைக்க வேறு வழி தேடியபோது கைகொடுத்தது 'சேஞ்ச் அப்' என்ற மெதுவான பந்து. கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஸ்லோயர் பால் என்றால் புரியும். கை சுழலும் விதம் அதேதான், பந்து வெளிப்படும் இடமும் அதேதான். வந்து சேரும் நேரம் மட்டும் வேறு. பந்து பாதி வழியில் இருக்கும்போதே மட்டை சுழன்று முடிந்துவிடும். ஹாஃப்மன் புகழின் உச்சத்துக்குப் போனதே தோள் கெட்ட பிறகுதான். 1998ல் 53 சேவ். 41 வயதில் அவருடைய வேகப் பந்தே மணிக்கு 140 கிலோ மீட்டரைத் தொடாது. மெதுவான பந்து 120தான். வயது திருடிக்கொண்டு போவதற்கு அவரிடம் வேகம் அதிகம் மிச்சமில்லை.

2009ல் கிடைத்த பலன், யாரும் எதிர்பாராதது. விலாக் காயத்தால் முதல் சில வாரங்கள் ஆட முடியவில்லை. பிறகு வந்து 41 வாய்ப்புகளில் 37 சேவ். சராசரி 1.83. ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வு. 60 லட்சம் டாலருக்கு இது கொள்ளை லாபம். ஆனால் இங்கேயும் ஒரு முரண். அந்த வருடம் ப்ரூவர்ஸ் ஜெயித்தது 80 ஆட்டம், தோற்றது 82. சபாத்தியா நியூயார்க்குக்குப் போய்விட்டார். தொடக்கப் பந்து வீச்சு சரிந்துவிட்டது. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு நல்ல பூட்டு வாங்கியாயிற்று. பூட்டிப் பாதுகாக்க வீட்டில் பொருள் குறைவு. குளோசர் சொதப்பிய வருடம் இறுதிச் சுற்று, குளோசர் ஜொலித்த வருடம் ஏமாற்றம். நல்ல ஆளா என்று கேட்பதற்கு முன்னால், அவர் காப்பாற்ற நம்மிடம் முன்னிலை இருக்குமா என்று கேட்க வேண்டும் என்பது மில்வாக்கி கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடம் 2010ல் வந்தது. 37 சேவ் எடுத்தவரை அனுப்ப யாருக்கு மனம் வரும்? மொத்தம் 80 லட்சம் டாலர் உறுதியளித்து மீண்டும் ஒரு வருடம் வைத்துக்கொண்டார்கள். விலை ஏறியது, வயது 42 ஆயிற்று. இந்த முறை அவருடைய பந்து ஏமாற்றவில்லை. மே மாத நடுவில், பத்து வாய்ப்புகளில் ஐந்தைக் கோட்டைவிட்டிருந்தார். சராசரி 13ஐத் தாண்டியிருந்தது. கணக்கில் 596 சேவ். 600 என்ற எண்ணை அதுவரை உலகில் யாரும் தொட்டதில்லை. இன்னும் நான்கு பாக்கி.

மாஜி நட்சத்திரத்தை வாங்குவதில் மறைந்திருக்கும் செலவு இதுதான். ஒப்பந்தத்தில் எழுதிய டாலரை எல்லாரும் பார்க்கிறார்கள். எழுதாத செலவு ஒன்று உண்டு. பெயர் தெரியாத இளைஞன் ஒருவன் இரண்டு தடவை சொதப்பினால் மறுநாள் அவன் பெட்டி மைனர் லீகுக்குப் போய்விடும். பெயர் பெற்றவர் ஐந்து தடவை சொதப்பினாலும் ஆறாவது வாய்ப்பு கிடைக்கும். இன்று சரியாகிவிடும், நாளை சரியாகிவிடும் என்று பயிற்சியாளர் காத்திருப்பார். அவருக்கும் மரியாதை இருக்கிறது, பயமும் இருக்கிறது. 17 வருடம் சாதித்தவரின் கையிலிருந்து பந்தை வாங்குவது சுலபமான காரியம் அல்ல. அந்தக் காத்திருப்பின் விலையை அணி டாலரில் கொடுப்பதில்லை. தோற்ற ஆட்டங்களில் கொடுக்கிறது. அந்த ஆட்டங்களில் எட்டு இன்னிங்ஸ் உழைத்த மற்றவர்களின் வியர்வையிலிருந்து கொடுக்கிறது.

கடைசியில் மேனேஜர் கென் மாக்கா பந்தை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்தார். அந்த வேறு ஒருவர் ஜான் ஆக்ஸ்ஃபோர்ட். 27 வயது. கான்யே போலவே கனடாக்காரர். நியூயார்க் யாங்கீஸ் அணி தன் மைனர் லீகிலிருந்து கழித்துவிட்ட ஆள். முழங்கையில் அறுவைச் சிகிச்சை ஆனவர். குளிர்காலங்களில் மதுக்கூடத்தில் பரிமாறியும் செல்போன் விற்றும் பிழைத்தவர். 2008ல் ப்ரூவர்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டபோது எந்தப் பத்திரிகையும் கண்டுகொள்ளவில்லை. 2010ல் அவர் 24 சேவ் எடுத்தார்.

பதவி இழந்த பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாத் தொழிலிலும் உண்டு. ஹாஃப்மன் அப்படிச் செய்யவில்லை. ஆறாவது ஏழாவது இன்னிங்ஸில், ஆட்டத்தின் போக்கு மாறாத சமயங்களில் வந்து வீசினார். தன் இடத்தைப் பிடித்தவருக்கே வழிகாட்டியாக இருந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மனதை எப்படித் தயார் செய்வது, நேற்றைய தோல்வியை இன்றைக்கு எப்படி மறப்பது என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லாத பாடங்கள். அவரிடம் கற்றதை ஆக்ஸ்ஃபோர்டே பின்னால் நன்றியோடு சொல்லியிருக்கிறார். பந்து வீச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. செப்டம்பர் 7ம் தேதி, செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராக, சொந்த மைதானத்தில் 600வது சேவ். சக ஆட்டக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். 601ல் நிறுத்திக்கொண்டு 2011 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அந்த செப்டம்பரிலேயே மரியானோ ரிவேரா அவர் சாதனையைத் தாண்டினார். 2018ல் ஹாஃப்மன் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார்.

80 லட்சம் டாலருக்கு மில்வாக்கிக்கு 2010ல் கிடைத்தது 10 சேவ், 5.89 சராசரி. கணக்குப் பிள்ளையைக் கேட்டால் நஷ்டம் என்பார். அடுத்த வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 2011ல் ஆக்ஸ்ஃபோர்ட் 48 வாய்ப்புகளில் 46 சேவ் எடுத்தார். சராசரி 1.95. சம்பளமோ அன்றைய குறைந்தபட்சத் தொகையை ஒட்டியது. ப்ரூவர்ஸ் 96 ஆட்டங்களில் வென்று, 1982க்குப் பிறகு முதல் தடவையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. இதில் ஹாஃப்மனின் பங்கு எவ்வளவு என்று எந்த எண்ணாலும் அளக்க முடியாது. பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

2011ல் அதே 46 சேவ் எடுத்து ஆக்ஸ்ஃபோர்டோடு நேஷனல் லீகில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இன்னொரு இளைஞர் அட்லான்டாவின் கிரெய்க் கிம்ப்ரல். முதல் முழு வருடம் ஆடிய அவரைப் பார்த்து அமெரிக்காவே வாய் பிளந்தது. காலச் சக்கரம் சுழன்று, 2023 டிசம்பரில் அவரும் சந்தையில் நின்றார். 35 வயது, 400க்கு மேல் சேவ். முழங்கை அறுவைச் சிகிச்சையில் தன் குளோசரை இழந்திருந்த பால்டிமோர் அணி 1.3 கோடி டாலர் உறுதியளித்து வாங்கியது. 2024 ஜூலை நடு வரை 23 சேவ். புத்திசாலித்தனமான முடிவு என்று எல்லாரும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. செப்டம்பர் 18ம் தேதி, இறுதிச் சுற்றுகளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, 5.33 சராசரியோடு விடுவிக்கப்பட்டார்.

அவர் காலத்தவரான கென்லி ஜான்சன் கதை வேறு. 2025ல், 37 வயதில், ஒரு கோடி டாலருக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்து 30 வாய்ப்புகளில் 29 சேவ் எடுத்தார். 'கட்டர்' என்ற, கடைசி நொடியில் விலகும் ஒரே பந்தை வைத்தே வாழ்க்கையை ஓட்டியவர். வேகம் குறைந்தாலும் அந்த விலகல் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஏஞ்சல்ஸ் 90 ஆட்டங்களில் தோற்றுத் தன் பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது. மில்வாக்கியின் 2009 கதை மறுபடி நடந்தது போல.

அப்படியானால் வாங்கலாமா, வேண்டாமா? வாங்கலாம். ஒரு வருடத்துக்கு மட்டும். ஒரு ரிலீவர் வருடத்தில் வீசுவது ஐம்பது அறுபது இன்னிங்ஸ்தான். அவ்வளவு சிறிய கணக்கில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் புகுந்து விளையாடும். 25 வயதுக்காரருக்கே அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. 2011ல் வானத்தைத் தொட்ட ஆக்ஸ்ஃபோர்ட் 2012லேயே சறுக்கிப் பதவியை இழந்தார். அதனால் மூன்று வருட ஒப்பந்தம் எழுதுபவர் விஷயம் தெரியாதவர். விலை, போன வருடம் வீசிய பந்துக்கு இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய விருதுக்கு அல்ல. வேகத்தை மட்டும் நம்பிப் பிழைத்தவரா, வேகம் போன பிறகும் பிழைக்கக் கற்றவரா என்று பார்க்க வேண்டும். அணியிடம் காப்பாற்றத் தகுந்த முன்னிலைகள் இருக்க வேண்டும்.

இவை அத்தனையும் கூடி வந்தாலும் போதாது. கையெழுத்துப் போடும் அன்றே, பந்தைத் திரும்ப வாங்கப்போவது யார், எப்போது, அடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இதற்கு விடை இல்லாத அணி மாஜி நட்சத்திரங்களிடமிருந்து பத்தடி தள்ளி நிற்பது நல்லது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்குச் சரி. பந்து வீச்சாளருக்குப் பொருந்தாது.

மில்வாக்கி இந்தக் கேள்வியை மேலும் ஒரு முறை கேட்டுக்கொண்டது. 2021 கோடையில் பந்து வீச்சாளர்கள் பற்றாக்குறை. அந்த நேரத்தில் டொரன்டோ அணியின் மைனர் லீகில் ஒருவர் வீசிக்கொண்டிருந்தார். 38 வயது. மூன்று வருடமாக மேஜர் லீக் பக்கம் வராதவர். அந்தக் கோடையில் கனடா தேசிய அணிக்காக ஆடி, இன்னும் பந்து வீச முடியும் என்று காட்டியிருந்தார். பெயருக்கு ஒரு தொகை கொடுத்து ப்ரூவர்ஸ் வாங்கிக்கொண்டது. ஆகஸ்ட் 2ம் தேதி, பத்து வருடத்துக்கு முன்னால் 46 சேவ் எடுத்த அதே மைதானத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஜான் ஆக்ஸ்ஃபோர்ட் மீண்டும் நடந்து வந்தார். கூட்டம் எழுந்து நின்றது.

ஒருவரை அவுட் ஆக்கினார். பிறகு முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் மேஜர் லீகில் வீசவில்லை. அணிக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த வருடம் ப்ரூவர்ஸ் 95 ஆட்டங்களில் ஜெயித்தது. வாசனைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதை மில்வாக்கி ஒருவழியாகக் கற்றுக்கொண்டிருந்தது.